டோட்டல் கவுன்ட் முதல் சிடி4 வரை: நோய் எதிர்ப்பாற்றலைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படிப்பது எப்படி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், சென்னையின் ரத்தப் பரிசோதனை நிலையங்களில் காலை ஏழு மணிக்கே ஆட்கள் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார்கள். காய்ச்சலுக்காக வருபவர்கள் ஒருபுறமிருக்க, உடம்புக்கு ஒன்றுமில்லாமலேயே ‘இம்யூனிட்டி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாமே’ என்று வருபவர்களும் அந்த வரிசையில் உண்டு. மாலைக்குள் அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அதில் நான்கைந்து எண்கள் தடித்த எழுத்தில் இருக்கும். மருத்துவரைப் பார்க்க மறுநாள் மாலைவரை பொறுக்க வேண்டியிருக்கும். இடைப்பட்ட அந்த இரவில் வீட்டில் உள்ளவர்கள் அறிக்கையை எப்படிப் படிக்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதைச் சொல்வதே இக்கட்டுரை.

நோய் எதிர்ப்பாற்றலை ஒரே எண்ணாக அளந்து, இவருக்கு எழுபது மதிப்பெண், அவருக்கு எண்பது என்று சொல்லக்கூடிய ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. எலும்பு மஜ்ஜை, தைமஸ் சுரப்பி, மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள், தோல், குடலின் உட்சுவர் என்று உடம்பின் பல இடங்களில் நடக்கும் வேலைக்குத்தான் நாம் எதிர்ப்பாற்றல் என்று பெயர் வைத்திருக்கிறோம். கை நரம்பிலிருந்து எடுக்கும் சில மில்லிலிட்டர் ரத்தம், அந்த வேலையாட்களில் அப்போது வழியில் போய்க்கொண்டிருப்பவர்களை மட்டுமே காட்டும்; லிம்ஃபோசைட் என்னும் வெள்ளையணுக்களில் ஏறத்தாழ 2 சதவீதமே எந்த நேரத்திலும் ரத்தத்தில் இருக்கின்றன. ஆகவே அறிக்கையை ஒரு வருகைப் பதிவேடாக எண்ணிப் படிப்பது நல்லது. யார் யார், எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். வந்தவர்கள் வேலை பார்த்தார்களா என்பது பெரும்பாலும் இருக்காது. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவருக்கு நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை குறைவில்லாமல் இருக்கும், ஆனால் கிருமியை விழுங்கிக் கொல்லும் திறன் மட்டுப்பட்டிருக்கும். அவருடைய எதிர்ப்பாற்றலைப் பற்றி வெள்ளையணு எண்ணிக்கையைவிட, மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி அதிகம் சொல்லும்.

ரத்தம் கொடுப்பதற்கு முன்

வெள்ளையணுக் கணக்கெடுப்புக்கும், எதிர்ப்பொருள்களான இம்யூனோகுளோபுலின்களின் அளவுக்கும், லிம்ஃபோசைட்டில் ஒரு பிரிவான சிடி4-இன் எண்ணிக்கைக்கும் வெறும் வயிறு தேவையில்லை. பேக்கேஜில் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்திருப்பதால்தான் காப்பிகூடக் குடிக்காமல் வரச் சொல்கிறார்கள். அதைவிட முக்கியமான செய்திகளை யாரும் கேட்பதில்லை. பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடிவிட்டு வியர்வை அடங்குமுன் ரத்தம் கொடுத்தால் வெள்ளையணுக்கள் தற்காலிகமாகக் கூடித் தெரியும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவருக்கு நியூட்ரோஃபில்கள் உயர்ந்தும் லிம்ஃபோசைட்டுகளும், இயோசினோஃபில் என்னும் மற்றொரு வகை வெள்ளையணுக்களும் தாழ்ந்தும் வரும். மருந்தின் பெயரைச் சொல்லாவிட்டால் அந்த அறிக்கையைத் தொற்று என்று தவறாகப் படித்துவிட இடமுண்டு. சிடி4 எண்ணிக்கை காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருப்பது இயல்பு என்பதால், திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியவர்கள் ஒரே ஆய்வகத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் ரத்தம் கொடுக்க வேண்டும். காய்ச்சல் விட்டு ஒரு வாரம்கூட ஆகாத நிலையில் ‘பொதுவான இம்யூனிட்டி’ பார்ப்பது வீண் செலவு. அப்போது தெரிவது போன வாரத்துக் காய்ச்சலின் சுவடுதான்.

அணுக்களை எண்ணுவதற்கான ரத்தம், உறையாமல் காக்கும் மருந்து பூசிய ஊதா மூடிக் குழாயில் எடுக்கப்படுகிறது. எடுத்தவுடன் குழாயை மெல்லத் தலைகீழாகச் சாய்த்துக் கலக்காவிட்டால் உள்ளே சிறு கட்டி விழுந்து, எண்ணிக்கை பொய்யாகக் குறைந்துவிடும். தட்டணு (பிளேட்லெட்) திடீரென்று பாதியாகிவிட்டதாக வரும் அறிக்கைகளில் சில இப்படிப்பட்டவையே. அறிக்கையின் தலைப்பில், ஆய்வகத்தின் தரத்துக்கான என்.ஏ.பி.எல். சான்றின் முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். எல்லாப் பரிசோதனைக்கும் சேர்த்து ஒரு நிலையத்துக்குச் சான்று கிடைத்துவிடுவதில்லை. எந்தெந்தப் பரிசோதனைக்குப் பெற்றிருக்கிறது என்பது தனியே வரையறுக்கப்பட்டிருக்கும்.

வகுத்துப் பார்க்காமல் பெருக்கிப் பார்க்க வேண்டும்

நம்மூர் மருத்துவர்கள் சீட்டில் வழக்கமாக எழுதும் ‘டிசி, டிசி, ஈஎஸ்ஆர்’ என்பதில் முதல் டிசி டோட்டல் கவுன்ட், இரண்டாவது டிஃபரன்ஷியல் கவுன்ட். முதலாவது, ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களின் மொத்த எண்ணிக்கை. பெரியவர்களுக்கு 4,000 முதல் 11,000 வரை இயல்பு என்று பெரும்பாலான ஆய்வகங்கள் அச்சிடுகின்றன. சில அறிக்கைகளில் 8,200 என்பதற்குப் பதில் 8.2 என்று மட்டும் இருக்கும். அது ஆயிரத்தின் மடங்கு என்று புரிந்துகொண்டால் போதும். இரண்டாவது, அந்த மொத்தத்தில் ஐந்து வகை அணுக்கள் நூற்றுக்கு எத்தனை என்னும் பங்கீடு. நியூட்ரோஃபில் 40 முதல் 75, லிம்ஃபோசைட் 20 முதல் 40, மோனோசைட் 2 முதல் 10, இயோசினோஃபில் 1 முதல் 6, பேசோஃபில் 0 முதல் 1 என்பது தோராயமான அளவு. பழைய பாணி அறிக்கைகளில் நியூட்ரோஃபிலைப் பாலிமார்ஃப் என்று எழுதி, பி, எல், ஈ, எம் என்ற எழுத்துகளோடு நிறுத்திக்கொள்வார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் நூறு வர வேண்டும்.

பெரும்பாலோர் இடறி விழும் இடம் இந்தச் சதவீதம்தான். நூற்றுக்கணக்கில் ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கியே ஆக வேண்டும் என்பதால், சதவீதத்தின் பக்கத்தில் ‘அதிகம்’ என்று போட்டிருப்பதைக் கண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது. மொத்த எண்ணிக்கையைச் சதவீதத்தால் பெருக்கிக் கிடைக்கும் தனி எண்ணிக்கையே உண்மையான அளவு. புதிய இயந்திரங்கள் தரும் அறிக்கையில் அது ‘அப்சல்யூட்’ என்ற பெயரில் கீழே இருக்கும், இல்லாவிட்டால் நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வேளச்சேரியில் வசிக்கும் நாற்பது வயதுப் பெண் ஒருவரின் அறிக்கையில் மொத்தம் 5,200, நியூட்ரோஃபில் 46, லிம்ஃபோசைட் 44, மோனோசைட் 6, இயோசினோஃபில் 4 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். லிம்ஃபோசைட்டுக்குப் பக்கத்தில் ‘அதிகம்’ என்னும் குறி விழுந்திருக்கும். பெருக்கிப் பார்த்தால் லிம்ஃபோசைட் 2,288 ஆகும். பெரியவர்களுக்கு 1,000 முதல் 4,000 வரை இயல்பு என்பதால் அது நடுவில்தான் நிற்கிறது. நியூட்ரோஃபில் 2,392, அதுவும் சரி. அவர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

இனி வேறொருவர், புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துப் பத்து நாள் ஆனவர். மொத்தம் 2,100, நியூட்ரோஃபில் 22, லிம்ஃபோசைட் 68. இங்கேயும் கண்ணை இழுப்பது லிம்ஃபோசைட்டின் 68தான், ஆனால் பெருக்கினால் அது 1,428, இயல்புக்குள் அடங்கிவிடுகிறது. நியூட்ரோஃபிலைப் பெருக்கினால் 462 வருகிறது. நியூட்ரோஃபில் 1,500-க்குக் கீழே போனால் குறைவு என்றும், 500-க்குக் கீழே போனால் கடுமையான குறைவு என்றும் கொள்ளப்படுகிறது. இந்த நிலையில் உடல் வெப்பம் 100.4 டிகிரியைத் தொட்டால், பாரசிட்டமால் போட்டுவிட்டுக் காலைவரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் சிகிச்சை தரும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போயாக வேண்டும். கட்டுரை முழுவதிலும் வாசகர் ஒரே ஒரு செய்தியை நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளலாம். தைராய்டு மிகையாகச் சுரப்பதற்காகக் கார்பிமசோல் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அரிதாக அம்மருந்து நியூட்ரோஃபிலை அடியோடு வீழ்த்திவிடும் என்பதால், தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தக் கணக்கெடுப்பைச் செய்து பார்க்க வேண்டும்.

பிற ஏற்ற இறக்கங்களுக்குப் பெரும்பாலும் எளிய காரணங்களே இருக்கும். பாக்டீரியாத் தொற்றில் நியூட்ரோஃபில் கூடும். டெங்கு போன்ற வைரஸ் காய்ச்சலில் மொத்த வெள்ளையணுக்களே சரியும், தட்டணுக்களும் கூடவே இறங்கும். மழைக்காலத்தில் 3,000 என்று வரும் எண்ணைக் கண்டு எதிர்ப்பாற்றல் போய்விட்டதாகக் கருதத் தேவையில்லை. காய்ச்சல் விட்டபின் அவை தாமாகவே மேலேறுகின்றன, ஒரு மாதம் கழித்து மீண்டும் எடுத்துப் பார்ப்பதே முறை. இயோசினோஃபில் 500-க்கு மேல் போனால் ஒவ்வாமை, ஆஸ்துமா, குடற்புழு, சில மருந்துகள் ஆகியவற்றை முதலில் நினைக்க வேண்டும். நம் கடலோர மாவட்டங்களில் யானைக்கால் புழு நெடுங்காலம் இருந்த காரணத்தால், இரவில் விடாத இருமலோடு இயோசினோஃபில் 3,000-ஐத் தாண்டினால் மருத்துவர்கள் அந்தப் புழுவால் வரும் நுரையீரல் பாதிப்பையும் கருத்தில் கொள்வார்கள். கர்ப்பிணிகளுக்கு வெள்ளையணு உயர்வதும் இயல்பு.

குழந்தைகளின் அறிக்கைக்குக் கணக்கு வேறு. ஏறத்தாழ நான்கைந்து வயதுவரை நியூட்ரோஃபிலைவிட லிம்ஃபோசைட்டே மிகுந்திருக்கும். ஆனால் சில ஆய்வகங்கள் குழந்தையின் அறிக்கையிலும் பெரியவர்களுக்கான வரம்பையே அச்சிட்டுவிடுகின்றன. இதனால் வீண் பயம் மட்டுமல்ல, வீண் நிம்மதியும் வரலாம். ஆறு மாதக் குழந்தைக்கு லிம்ஃபோசைட் 1,800 என்றால் பெரியவர்களின் அளவுகோலில் அது சரி. அந்த வயதுக்கோ மிகக் குறைவு, பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குன்றிய நிலையா என்று உடனே ஆராயப்பட வேண்டியது.

இயல்பு வரம்பு என்பது எப்படி வந்தது என்பதையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். நலமாக உள்ளவர்கள் பலரைச் சோதித்து, நடுவில் உள்ள 95 சதவீதத்தினரின் அளவுகளை எடுத்துக்கொண்டு இருபுற ஓரங்களையும் வெட்டிவிடுவதே வழக்கம். அப்படியானால் எந்தவொரு பரிசோதனையிலும் இருபதில் ஒரு நலமான மனிதர் வரம்புக்கு வெளியே நிற்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளை ஒரே நாளில் செய்தால், ஒன்றாவது வெளியே விழுவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். அறுபது எழுபது பரிசோதனைகள் கொண்ட பேக்கேஜில் ஒரு குறிகூட விழாமல் வருவதுதான் அதிசயம்.

ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.

இவ்விரண்டும் அழற்சியைக் காட்டுபவை, எதிர்ப்பாற்றலின் அளவை அல்ல. சிவப்பணுக்கள் குழாயில் படியும் வேகமான ஈ.எஸ்.ஆர். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். வயதோடும் ரத்தசோகையோடும் கூடும். ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி என்பது மேல்வரம்புக்கான பழைய கணக்கு. அதன்படி அறுபது வயதுப் பெண்ணுக்கு 35 வரை ஏற்கத்தக்கது. அழற்சியின்போது ஈரல் சுரக்கும் புரதமான சி.ஆர்.பி. சில மணி நேரத்திலேயே மாறும். லிட்டருக்கு மில்லிகிராம் என்றால் 5 அல்லது 10-க்குள் இருக்க வேண்டும். டெசிலிட்டர் கணக்கில் அச்சிட்டிருந்தால் அதே அளவு 0.5 அல்லது 1 என்று இருக்கும். அலகைப் பார்க்காமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டுப் பத்து மடங்கு ஏறிவிட்டதாகக் கலங்குபவர்கள் உண்டு.

எதிர்ப்பொருள் அளவுகள்

ஈரல் பரிசோதனை என்னும் எல்.எஃப்.டி.யைச் செய்திருப்பவர்களிடம் எதிர்ப்பாற்றல் குறித்த ஒரு குறிப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதில் மொத்தப் புரதத்திலிருந்து ஆல்புமினைக் கழித்தால் கிடைப்பது குளோபுலின். அதன் பெரும்பகுதி எதிர்ப்பொருள்களே. டெசிலிட்டருக்கு 2 முதல் 3.5 கிராம்வரை அது இருப்பது வழக்கம். அடிக்கடி சளியும் நிமோனியாவுமாக அவதிப்படும் ஒருவருக்குக் குளோபுலின் 2-க்குக் கீழே இருந்தால், இம்யூனோகுளோபுலின்களைத் தனியே அளந்து பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பதற்கு அது போதுமான காரணம். மாறாக, முதியவர் ஒருவருக்கு முதுகு வலியும் ரத்தசோகையுமாகக் குளோபுலின் 5-ஐ ஒட்டி இருந்தால், எதிர்ப்பாற்றல் நிறைந்திருப்பதாக மகிழக் கூடாது. எலும்பு மஜ்ஜையில் ஒரே வகை அணு அளவுமீறிப் பெருகுகிறதா என்று, புரதங்களை வகை பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரசிஸ் பரிசோதனையைச் செய்து பார்க்க வேண்டும்.

இம்யூனோகுளோபுலின்களில் ஐஜிஜி பெரியவர்களுக்கு டெசிலிட்டருக்கு 700 முதல் 1,600 மில்லிகிராம், ஐஜிஏ 70 முதல் 400, ஐஜிஎம் 40 முதல் 230 என்ற அளவில் இருக்கும். தாயிடமிருந்து பெற்ற ஐஜிஜி கரைந்து, தனக்கென்று உற்பத்தி முழுமையாகத் தொடங்காத மூன்று முதல் ஆறு மாத வயதில் குழந்தைக்கு இது தாழ்ந்திருப்பது இயற்கை. ஐஜிஏ மட்டும் குறைந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு தொந்தரவுமின்றி வாழ்கிறார்கள். ஐஜிஇ கூடியிருந்தால் அது ஒவ்வாமையையோ குடற்புழுவையோ காட்டுவது. எதிர்ப்பாற்றல் வலுத்திருப்பதன் அடையாளம் அன்று.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். காய்ச்சல் காலத்தில் ‘டெங்கு ஐஜிஎம் பாசிட்டிவ்’ என்று வருவதும், மேலே சொன்ன மொத்த ஐஜிஎம் அளவும் ஒன்றல்ல. முன்னது அந்த ஒரு வைரஸுக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று கேட்பது. பின்னது எல்லாக் கிருமிகளுக்கும் எதிரானவற்றைச் சேர்த்து நிறுத்துப் பார்ப்பது. முதலாவது பாசிட்டிவ் என்பதற்காக இரண்டாவது கூடியிருக்க வேண்டியதில்லை.

வருகைப் பதிவேட்டைத் தாண்டி, வேலை நடந்ததா என்று காட்டும் பரிசோதனை ஒன்று வேண்டுமென்றால் அது தடுப்பூசிக்கு உடம்பு கொடுத்த பதில்தான். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் முடித்து ஒன்றிரண்டு மாதங்களில் எடுக்கும் எதிர்ப்பொருள் அளவு 10 அலகுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று கொள்கிறார்கள். மருத்துவமனைப் பணியாளர்களுக்கு இது வழக்கமான பரிசோதனை. இதே அடிப்படையில்தான், ஐஜிஜி அளவு சரியாக இருந்தும் தொற்றுகள் ஓயாத ஒருவருக்கு, தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் எதிர்ப்பொருளை அளந்து நிபுணர்கள் முடிவுக்கு வருகிறார்கள்.

சிடி4

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள், மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. அதன்பின் வந்த ஆண்டுகளில் சிடி4 என்னும் சொல் மருத்துவமனைச் சுவர்களைத் தாண்டிச் சாதாரண மக்களின் பேச்சிலும் நுழைந்துவிட்டது. லிம்ஃபோசைட்டுகளில் மற்ற அணுக்களை ஏவி வேலை வாங்கும் ஒரு பிரிவே சிடி4; எச்.ஐ.வி. குறிவைத்து அழிப்பது இதைத்தான். பெரியவர்களுக்கு 500 முதல் 1,500 வரை இயல்பு. எச்.ஐ.வி. தொற்றுள்ளவருக்கு அது 200-க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் நிலையாகக் கொள்ளப்படுகிறது. முன்பு இந்த எண் ஒரு வரம்புக்குக் கீழே வந்த பிறகே மருந்து தொடங்கப்பட்டது. 2017 முதல் இந்தியாவில் சிடி4 எவ்வளவு இருந்தாலும், தொற்று உறுதியானவுடன் மருந்து தரப்படுகிறது. எச்.ஐ.வி. மருந்து தரும் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இப்பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

தொற்றில்லாத ஒருவர் ஆர்வத்தால் சிடி4 பார்ப்பதில் பொருளில்லை. சாதாரண வைரஸ் காய்ச்சலே அதைச் சில வாரங்களுக்குத் தாழ்த்திவிடும், அந்த எண்ணைக் கண்ட பிறகு வரும் பயத்துக்கு மருந்தும் கிடையாது. எச்.ஐ.வி. சந்தேகம் இருந்தால் நேராக எச்.ஐ.வி. பரிசோதனையைச் செய்துகொள்வதே வழி. சிடி4 அதற்கு மாற்றாகாது.

பேக்கேஜில் கூடவே வருபவை

வைட்டமின் டி, பி12, துத்தநாகம் ஆகியவை குறைந்தால் சரிசெய்ய வேண்டியவைதான், ஆனால் அவற்றை எதிர்ப்பாற்றலின் அளவுகோல் என்று விற்பது மிகை. ஏ.என்.ஏ. என்னும் பரிசோதனை, எதிர்ப்பாற்றல் தன் உடம்பையே தாக்குகிறதா என்று தேடுவது. 1:40 என்னும் தாழ்ந்த அளவில் நலமானவர்களிலேயே நான்கில் ஒருவருக்கு ஏறக்குறைய அது பாசிட்டிவாக வரக்கூடும். மூட்டு வீக்கம், முகத்தில் சிவந்த தடிப்பு, வாய்ப்புண் எதுவுமில்லாத ஒருவர் அதைச் செய்துகொள்ளாமல் இருப்பதே மேல்.

மருத்துவரிடம் போகும்போது

எண்கள் எப்படியிருந்தாலும், ஒரே ஆண்டில் இரண்டு முறை நிமோனியா, அல்லது நான்கு முறையோ அதற்கு மேலோ காதுச் சீழ்த் தொற்று, ஆன்டிபயாட்டிக்கை இரண்டு மாதம் சாப்பிட்டும் தீராத தொற்று, ஆழத்தில் திரும்பத் திரும்ப வரும் சீழ்க்கட்டி, எடை கூடாத குழந்தை, குடும்பத்தில் சிறு வயதிலேயே தொற்றால் இறந்த உடன்பிறப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மேலும் ஆராய வேண்டும். குழந்தையென்றால் குழந்தை மருத்துவரின் பரிந்துரையோடு எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கும், பெரியவரென்றால் குடும்ப மருத்துவர் வழியாகப் பொது மருத்துவ நிபுணரிடமும் போகலாம். வருடத்துக்கு நான்கு முறை சளி பிடிக்கிறது என்பது மட்டும் இதில் சேராது. பள்ளி செல்லும் பிள்ளை இருக்கும் வீட்டில் அது சகஜம்.

போகும்போது புதிய அறிக்கையோடு பழைய அறிக்கைகளையும் தேதி வரிசையில் எடுத்துச் செல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளாகவே 3,600-இல் நிற்கும் வெள்ளையணுவும், 9,000-இலிருந்து இறங்கி 3,600-க்கு வந்த வெள்ளையணுவும் மருத்துவருக்கு முற்றிலும் வேறுவேறு செய்திகள். ஒரு தாளில், கடந்த ஓராண்டில் வந்த காய்ச்சல்கள், அவை நீடித்த நாட்கள், எடுத்த ஆன்டிபயாட்டிக்குகள், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும் என்று எழுதிக்கொள்ளலாம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியையும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வாங்கிய லேகியத்தையும் அதில் விட்டுவிடக் கூடாது.